கிளாஸை மூடிய கைக்கு மொழிபெயர்ப்பு

1

போன மாதம் ஒரு சனிக்கிழமை, பீல் ஏரிக்கரையில் ஒரு வைன் நிலவறைக்குள், எழுபதை நெருங்கும் தமிழ்ப் பெரியவர் ஒருவர் தன் கிளாஸின் வாயை உள்ளங்கையால் மூடினார். போத்தலோடு நின்றவன் நான். அந்தக் கையைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஊரில் இருக்கும் உங்களில் பலருக்கு அது என்ன சொன்னது என்று உடனே விளங்கும். இங்கே இருப்பவர்கள்தான் “உதெல்லாம் பழைய கதை, இப்ப ஆர் பாக்கினம்” என்கிறார்கள். நானும் பல இடங்களில் அப்படிச் சொல்லித் தப்பியிருக்கிறேன்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சுவிஸில், சோலோதுர்ன் நகரத்தில் இருக்கிறேன். ஒன்பது வயதில் அம்மாவோடு வந்தேன். அப்பா முன்னமே வந்துவிட்டார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய் முடித்த முதல் ஆள் நான். அப்பா எழுத்துப் பழகியது இந்த நாட்டு அகதி முகாமில். அதனால் அவருக்குத் தன் பெயரை ஜேர்மன் எழுத்தில் எழுதத் தெரியும், தமிழில் எழுதத் தெரியாது. இப்போது ஒரு முதியோர் இல்லத்தின் சமையற்கூடத்தில் வேலை செய்கிறார்.

நான் ஒரு சின்னப் பயண அலுவலகத்தில் மணிக்கணக்குக்கு வழிகாட்டி வேலை செய்கிறேன். காலையில் சோலோதுர்ன் பழைய நகரத்தை நடத்திக் காட்டுவது, பிறகு பஸ்ஸில் ஏற்றிப் பீல் ஏரிக்கரைக்குக் கொண்டுபோவது, அங்கே ஒரு திராட்சைத் தோட்டத்து வீட்டில் நாலைந்து வகை வைனைச் சுவைக்கக் கொடுப்பது, பொழுதுபடக் கொண்டுவந்து விடுவது. இவ்வளவுதான் வேலை. அம்மாவுக்கு இது பிடிக்காது. “கொப்பர் விட்டிட்டு வந்த வேலையை நீ படிச்சுப் பட்டம் வாங்கிப் பிடிச்சிருக்கிறாய்” என்பார். அப்பாவின் அந்த வேலை என்ன என்பது கொஞ்சத்தில் தெரியும்.

எங்கள் முதலாளி பியட்டுக்கு ஒரு யோசனை வந்தது. எண்பதுகளில் வந்த தமிழர்கள் இப்போது ஓய்வூதியம் எடுக்கிறார்கள், அவர்களுக்கு நேரம் இருக்கிறது, இதே பயணத்தைத் தமிழில் செய்தால் என்ன என்று. பாடனில் ஒரு தமிழ் ஓய்வூதியர் வட்டம் முதலில் பதிவு செய்தது. அவர்களுக்குப் பிடித்தால் அவர்கள் மூலம் இன்னும் பல குழுக்கள் வரும். வந்தால் எனக்கு நிலையான வேலை ஒப்பந்தம். பியட் கை தந்து சொன்னார். குடியுரிமைக்கு விண்ணப்பிக்க இருந்தேன். அங்கே நிலையான வேலை உள்ளவனைப் பார்க்கிற பார்வை வேறு, மணிக்கணக்குக்காரனைப் பார்க்கிற பார்வை வேறு. அந்தச் சனிக்கிழமை எனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்பதைத் தெரிந்துகொண்டு மேலே வாசியுங்கள்.

2

பஸ்ஸிலிருந்து முதலில் இறங்கியவர் சிவகுருநாதன் ஐயா. பயணத்தை ஒழுங்கு செய்தவர் அவர்தான். பாடனில் ஓர் இயந்திரத் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். நல்ல உயரம், அயர்ன் பண்ணிய சேர்ட், பெரிய குரல்.

“தம்பி, இவ்வளவு பேரையும் உன்னட்டை ஒப்படைக்கிறன். ஆரும் துலைஞ்சால் நீதான் பொறுப்பு. என்ரை மனிசி துலைஞ்சால் மட்டும் தேடாதை.”

பின்னால் இறங்கிய அவருடைய மனைவி புவனேஸ்வரி அன்ரி, “நான் துலைஞ்சால் இவருக்குப் பிரஷர் குளிசை எது, சீனிக் குளிசை எது எண்டு தெரியாது தம்பி. பின்னேரம் அழுதுகொண்டு தேடி வருவார்” என்றார்.

அவர்களை எனக்கு உடனே பிடித்துப்போயிற்று. இதை மறைக்க விரும்பவில்லை.

சோலோதுர்ன்காரருக்குப் பதினொன்று என்ற எண்ணில் ஒரு பைத்தியம். பதினொரு தேவாலயம், பதினொரு நீரூற்று என்று எதையும் பதினொன்றாகவே எண்ணுவார்கள். பதினொரு எண் மட்டும் உள்ள ஒரு மணிக்கூடுகூட இருக்கிறது. அதைக் காட்டியபோது, “பன்னிரண்டு இல்லாத மணிக்கூடோ, அப்ப மத்தியானச் சாப்பாடு எப்ப?” என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. “ஒண்டரைக்குத்தான் ஐயா, அது இதிலை இருக்கு” என்றேன். சிரித்தார்கள். ஜேர்மனில் இதே இடத்தில் நான் சொல்லும் பகிடிக்கு யாரும் சிரிப்பதில்லை. சொந்த மொழியில் வேலை செய்வது இவ்வளவு சுகமா என்று நினைத்தேன்.

பேராலயத்து வாசலில் ஒரு சின்னக் குழப்பம். முதலில் போன அம்மா ஒருவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும் கழற்றினார்கள். வெள்ளைக் கல் படியில் சப்பாத்துகள் வரிசையாகக் கிடக்க, உள்ளேயிருந்து வந்த தேவாலயப் பணியாளர் திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். “அவர்கள் வழக்கம்” என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, ஒருவரும் தடக்கி விழாமல் இருக்க நடுவில் கிடந்த இரண்டு சோடியைத் தானே குனிந்து எடுத்து ஓரத்தில் வைத்தார்.

வெளியே வந்து படியில் இருந்து சப்பாத்து நூலைக் கட்டும்போது ஐயா கேட்டார்.

“தம்பி ஊரிலை எவடம்?”

“வடமராட்சி ஐயா.”

“வடமராட்சி பெரிசெல்லோ.”

“சின்னனிலை வந்திட்டன். வடிவாத் தெரியாது.”

“ம்ம்” என்றார். அந்த “ம்ம்” எனக்குப் பழக்கமானது. எங்கள் ஆட்களிடம் இந்தக் கேள்வி தனியாக வருவதில்லை. முதலில் இடம், அடுத்தது குறிச்சி, அடுத்தது எந்தக் கோயிலடி, கடைசியில் ஆரின்ரை மகன். கோயிலடி தெரிந்தவுடன் கேட்டவருக்குத் தேவையானது கிடைத்துவிடும். நேரடியாகச் சாதியைக் கேட்பது மரியாதைக் குறைவு அல்லவா. சின்ன வயதிலிருந்து வீட்டில் எனக்குச் சொல்லித்தந்த பதில் “யாழ்ப்பாணம்”. மேலே கேட்டால் “வடமராட்சி”. அதற்கு மேலே கேட்டால் “வடிவாத் தெரியாது”. எனக்கு எல்லாம் வடிவாகத் தெரியும்.

3

பஸ்ஸில் சாப்பாட்டுப் பெட்டிகள் திறந்தன. பயணக் கட்டணத்தில் மதியச் சாப்பாடும் சேர்த்தி என்று எழுதியிருந்தது. பியட் ஏற்பாடு செய்த பாண்களும் சீஸும் அட்டைப்பெட்டிக்குள் அப்படியே கிடந்தன. அன்ரி என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தி, வடையைக் கையில் வைத்தார். “சாப்பிடு மோனை. மைக்கிலை கத்திக் கத்தித் தொண்டை காஞ்சுபோச்சு.” இன்னொன்றை வைத்தார். பிறகு கேட்காமலே மூன்றாவதையும்.

முன் இருக்கையில் ஐயா தன் சிவப்புப் பாஸ்போட்டை எடுத்து எனக்குக் காட்டினார். சுவிஸ் பாஸ்போட்டில் பிறந்த இடம் இருக்காது. அதற்குப் பதிலாகப் பூர்வீக ஊர் என்று ஓர் இடத்தின் பெயர் இருக்கும். குடியுரிமை எடுத்த தமிழர்களுக்கு, அதைத் தந்த ஊரே பூர்வீகம் ஆகிவிடும்.

“பார், என்ன எழுதிக்கிடக்கு? பாடன். நான் இப்ப பாடன் பூர்வீகம். என்ரை பேரப்பிள்ளையளும் பாடன் பூர்வீகம். இனி ஒருத்தனும் என்னை எவடம் எண்டு கேக்கேலாது.”

“அப்ப நீங்கள் ஏன் எல்லாரையும் கேக்கிறியள்?” என்றார் அன்ரி.

பஸ் முழுக்கச் சிரித்தது. ஐயாவும் சிரித்தார். பாஸ்போட்டைச் சட்டைப்பைக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டார்.

பஸ் ஏரிக்கரைக்கு வந்தது. ஒரு பக்கம் தண்ணீர், மறு பக்கம் கல் கட்டிக் கட்டி மேலே ஏறும் திராட்சைத் தோட்டம். அவ்வளவு நேரமும் கதைத்துக்கொண்டிருந்தவர்கள் யன்னல் பக்கம் திரும்பினார்கள்.

4

தோட்டத்துக்குச் சொந்தக்காரி மர்லீஸ். ஐம்பது வயதிருக்கும். சேர்ட் கையை முழங்கைவரை மடித்துவிட்டிருந்தார். நிலவறையில் நீள மேசை, ஒவ்வொருவருக்கும் ஒரு கிளாஸ். மர்லீஸ் பேசுவார், நான் தமிழில் சொல்வேன், கிளாஸில் ஊற்றுவதும் நான்தான். அங்கே வழிகாட்டியின் வேலை அது.

மர்லீஸ் சொன்னார்: கணவர் குடும்பத்தில் ஏழு தலைமுறையாக இதே தொழில். மாமனார் பழத்தை முதுகுக் கூடையில் சுமந்து இந்தச் செங்குத்தான படிகளில் இறங்கியவர். அவர் முதுகு கடைசிவரை நிமிரவில்லை. பிள்ளைகளை வேறு வேலைக்குப் போகச் சொல்லி அவரே கெஞ்சினார், ஆனாலும் ஒரு மகன் தோட்டத்தோடு நின்றுவிட்டார், அவரைத்தான் தான் கல்யாணம் கட்டியது என்று.

நான் சொல்லி முடித்ததும் கைதட்டினார்கள். சும்மா மரியாதைக்குத் தட்டிய கை அல்ல. ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம், “பாத்தியோ, வெள்ளைக்காரன் தொழிலை மதிக்கிறான். அதாலைதான் முன்னேறினவன்” என்றார். ஐயா எழுந்து நின்றார்.

“பரம்பரையா ஒரு தொழிலை விடாமல் செய்யிறதெண்டால் அதுக்கு ஒரு மனம் வேணும். நாங்கள் எல்லாரும் தலை வணங்கிறம். இதை அப்பிடியே டொச்சிலை அவவுக்குச் சொல்லு தம்பி.”

அப்படியே ஜேர்மனில் சொன்னேன். மர்லீஸின் முகம் சிவந்துவிட்டது.

வெள்ளை வைன் ஊற்றினேன். கிளாஸ் தட்டும்போது ஆளை ஆள் கண்ணைப் பார்க்க வேண்டும், பார்க்காவிட்டால் மரியாதையில்லை என்று இந்த ஊர் வழக்கத்தைச் சொன்னேன். ஐயா என் கண்ணைப் பார்த்துத் தட்டினார். குடித்தார். “புளிப்பு. ஆனால் குறை சொல்லேலாது” என்றார்.

அடுத்தது சிவப்பு. அதற்கு முன் பாணும் சீஸும் வந்தன. நான் ஐயாவுக்குப் பக்கத்தில் இருந்தேன்.

“சரி தம்பி, வடமராட்சியிலை எந்தக் கோயிலடி?”

“வடிவாத் தெரியாது” வாய்வரைக்கும் வந்தது. ஆனால் அந்தக் கைதட்டல் இன்னும் என் காதுக்குள் கிடந்தது. முதுகு நிமிராத அந்த மாமனாருக்குத் தட்டிய கை. என் அப்பாவின் நெஞ்சிலும் முழங்காலிலும் மரம் தேய்த்த காய்ப்பு இன்றைக்கும் இருக்கிறது. முப்பது பாகை வெயிலிலும் சேர்ட் கழற்றமாட்டார்.

“அண்ணமார் கோயிலடி, ஐயா.”

எங்கள் பக்கத்தில் அந்தக் கோயிலின் பெயரைச் சொன்னால் அதற்கு மேலே கேட்கத் தேவையில்லை. ஐயா பாணை மெல்லுவதை நிறுத்தினார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

“கொப்பர்... கமமோ?”

விவசாயம் என்று சொல்லித் தப்ப எனக்கு ஒரு வழி விட்டார் என்றுதான் நினைக்கிறேன். ஓம் என்றிருந்தால் அவரும் நம்பினமாதிரி இருந்திருப்பார்.

“இல்லை ஐயா. கள்ளுச் சீவினவர். இஞ்சை வரும்வரைக்கும் அதுதான் வேலை.”

“ஓ. அதுக்கென்ன. இப்ப ஆர் உதெல்லாம் பாக்கினம்.”

நான் எழுந்துபோய்ச் சிவப்பு வைனை எடுத்துக்கொண்டு மேசையின் மற்றத் தொங்கலிலிருந்து ஊற்றிக்கொண்டு வந்தேன். அதற்குள் ஐயாவுக்குப் பக்கத்தில் இருந்தவர்களுக்குச் செய்தி போய்விட்டது. ஐயாவிடம் வந்தபோது உள்ளங்கை கிளாஸை மூடியது.

“வேண்டாம் தம்பி. டொக்டர் கூடாதெண்டவர்.”

அவருக்கு அடுத்தவரின் கையும் மூடியது. அதற்கடுத்தவரும். அதற்கடுத்து ஒரு மெலிந்த மனிதர் கிளாஸை நீட்டினார். ஊற்றினேன். ஆனால் அவர் என் கண்ணைப் பார்க்கவில்லை.

மர்லீஸ் மூடிய கைகளைக் கண்டுவிட்டார். விருந்தாளிகள் தன் வைனை வேண்டாம் என்றால் எந்தத் தோட்டக்காரிக்கும் பதைக்கும். இன்னொரு போத்தலோடு ஓடிவந்து ஐயாவின் தோளுக்கு மேலால் குனிந்து, “இது இன்னும் மென்மையானது, கொஞ்சம் மட்டும்” என்றார். கை விலகியது. மர்லீஸ் ஊற்றினார். ஐயா குடித்தார். மற்ற இருவரும் குடித்தார்கள்.

மர்லீஸ் என்னிடம் ஜேர்மனில் கேட்டார்: “என்னிடம் வாங்குகிறார்கள், உங்களிடம் ஏன் வாங்கவில்லை?”

எனக்கு வேலை ஒப்பந்தம் ஞாபகம் வந்தது. பியட்டின் கை ஞாபகம் வந்தது. வயதானவர்கள், பழக்கமில்லை, இப்படி ஏதாவது சொல்லியிருக்கலாம். ஆனால் காலையிலிருந்து நான் செய்தது என்ன? அந்தப் பக்கம் சொன்னதை இந்தப் பக்கமும், இந்தப் பக்கம் சொன்னதை அந்தப் பக்கமும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். புகழ்ந்ததைச் சொன்னேன். இதை மட்டும் ஏன் விழுங்க வேண்டும்?

மர்லீஸிடம் சொன்னேன்: “என் அப்பா பனை மரத்தில் ஏறிக் கள் இறக்கியவர். அது எங்கள் வைன். அவருக்கு முன்னால் அவருடைய அப்பாவும் அதே தொழில். எங்கள் ஊரில் அந்த ஆட்களின் கையால் இவர்கள் எதையும் வாங்கிக் குடிப்பதில்லை. இவருக்கு அது சற்று முன்தான் தெரிய வந்தது. அதனால் கையை வைத்தார்.”

பிறகு மேசைப் பக்கம் திரும்பினேன். “அவ என்ன கேட்டவ, நான் என்ன சொன்னனான் எண்டு உங்களுக்கும் சொல்லவேணும். அதுதான் என்ரை வேலை.” ஒரு சொல் விடாமல் தமிழில் சொன்னேன்.  

மர்லீஸ் போத்தலை மேசையில் வைத்தார். அவர் முகத்தில் கோபமோ இரக்கமோ இல்லை. புரியாத கணக்கைப் பார்க்கிற முகம். “அப்படியானால் உங்கள் அப்பா இறக்கியதை யார் குடித்தது?” என்றார்.

அதையும் மொழிபெயர்த்தேன். “அப்ப அந்தக் கள்ளை ஆர் குடிச்சது எண்டு கேக்கிறா.”

 மேசையின் தொங்கலில் திராட்சைச் சாறு குடித்துக்கொண்டிருந்த அன்ரி கிளாஸை வைத்தார்.

“ஆர் குடிச்சது? இவர்தான் குடிச்சவர். பின்வேலியாலை போய்ப் பனையோலைப் பிளாவிலை வாங்கிக் குடிச்சிட்டு, வாயைக் கொப்புளிச்சுக்கொண்டு முன்வாசலாலை வருவார். நான் புதுப்பொம்பிளையா வந்த காலத்திலை கண்டனான்.”

“நீ கதையாமல் இரு” என்றார் ஐயா.

“காலமை முழுக்க எவடம் எவடமெண்டு கேட்டியளெல்லே. பெடியன் சொல்லிப்போட்டான். இப்ப ஏன் கோவம்?”

ஐயா என்னைப் பார்த்தார். “தம்பி, வந்த இடத்திலை எங்கடை மானத்தை வெள்ளைக்காரிக்கு முன்னாலை வித்துப்போட்டாய்.”

“நான் ஒண்டும் கூட்டிச் சொல்லேல்லை ஐயா.”

இன்னும் இரண்டு வகை வைன் இருந்தது. இரண்டையும் நானே ஊற்றினேன். விட்டுக்கொடுத்துவிட்டு மர்லீஸை ஊற்றவிட எனக்கு மனமில்லை. மூடிய கைகளைத் தாண்டிப் போனேன், நீட்டிய கிளாஸ்களில் ஊற்றினேன்.

5

அடுத்த நாள் யாரோ அப்பாவுக்குத் தொலைபேசி எடுத்துவிட்டார்கள். வேலைக்குப் போக வெளிக்கிட்டவர் சப்பாத்தோடு குசினி வாசலில் நின்றார்.

“ஏன்ரா தேவையில்லாமல்? இவ்வளவு காலமும் நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை.”

“அவர் கேட்டவர் அப்பா.”

“கேட்டால்? கேக்கிற எல்லாத்துக்கும் மறுமொழி சொல்லவேணுமோ? தங்கச்சிக்கு நாளைக்கு ஒரு இடம் பேசவேணும்.”

“உங்களுக்கு வெக்கமோ அப்பா?”

“எனக்கு வெக்கமில்லை. எனக்குப் பயம். அது வேறை, இது வேறை. உனக்கு விளங்காது.”

விளங்கவில்லை என்று நான் சொல்லமாட்டேன். அந்தப் பயத்தில்தான் நான் படித்தேன். ஆனால் அதை நாளைக்கு எனக்குப் பிறக்கும் பிள்ளைக்கும் கொடுக்க நான் தயாரில்லை.

தங்கச்சி இங்கே பிறந்தவள். பேர்னில் தாதிப் படிப்பு. வீட்டில் கேட்கிறவர்கள் தமிழில் கேட்பார்கள், அவள் சுவிஸ் ஜேர்மனில் பதில் சொல்வாள். அன்றைக்குத் தன் அறையிலிருந்து வந்து, தேடித் தேடித் தமிழில் கேட்டாள். “அப்பா தோட்டம் செய்தவர் எண்டுதானே எனக்குச் சொன்னீங்கள்?” பிறகு என் பக்கம் திரும்பினாள். “தெரியாத அவ்வளவு பேருக்கும் சொன்னாய். எனக்குச் சொல்லேல்லை.”

கிளாஸை மூடிய கையைவிட இது எனக்கு வலித்தது. பிள்ளைகள் எங்களைவிட்டு விலகிப் போகிறார்கள் என்று நாங்கள் எல்லா மேடையிலும் அழுகிறோம். அவர்கள் நெருங்கி வந்தால் அறிந்துகொள்ள வேண்டிய முதல் விஷயத்தைப் பூட்டி வைத்துவிட்டு அழுகிறோம்.

திங்கட்கிழமை பியட் கூப்பிட்டார். வட்டத்திலிருந்து முறைப்பாடு வந்திருந்தது: வழிகாட்டி தனிப்பட்ட விஷயத்தைப் பேசி விருந்தாளிகளை அவமதித்தார். ஒரு வரி மன்னிப்பு எழுதினால் அடுத்த குழுக்களை அனுப்புவார்கள்.

நான் நடந்ததைச் சொன்னேன். பியட் கவனமாகக் கேட்டார். கெட்ட மனிதர் அல்ல.

“இந்த மாதிரி விஷயம் சுவிஸில் இல்லையே” என்றார்.

“போன சனிக்கிழமை உங்கள் பஸ்ஸில் இருந்தது” என்றேன்.

“ஒரு வரிதானே.”

“அந்த வரியில் நான் எதற்கு வருந்துகிறேன் என்று எழுதுவது? பிறந்ததற்கா, மொழிபெயர்த்ததற்கா?”

பியட் பேனையை மேசையில் உருட்டிக்கொண்டிருந்தார். ஒப்பந்தத்தைப் பற்றி இப்போது பேச முடியாது, பதிவுகள் வந்தால் பார்ப்போம் என்றார். நான் மன்னிப்பு எழுதவில்லை. பாடனிலிருந்து வேறு குழு வரவில்லை. நான் இன்றைக்கும் மணிக்கணக்குக்காரன்தான். குடியுரிமை விண்ணப்பத்தை அப்படியே அனுப்பிவிட்டேன். அவர்கள் பார்க்கிறபடி பார்க்கட்டும்.

6

போன கிழமை ஃப்ரிபூர்க்கிலிருந்து ஒரு தமிழ்க் குழு வந்தது. இரண்டு குடும்பங்களும் அவர்களுடைய நண்பர்களும். சின்னக் குழு. பாடன்காரரோடு நடந்தது அவர்களுக்கும் எட்டியிருக்கும், சுவிஸ் சின்ன நாடு. பஸ் வெளிக்கிட முன் மைக்கை எடுத்தேன். வழிகாட்டி முதலில் தன்னை அறிமுகப்படுத்த வேண்டும் என்பது எங்கள் அலுவலக விதி. இவ்வளவு காலமும் பெயரை மட்டும் சொல்லி நிறுத்தியிருக்கிறேன்.

பெயரைச் சொன்னேன். “வடமராட்சி. ஆலடிக் குறிச்சி. அண்ணமார் கோயிலடி. அப்பா கள்ளுச் சீவினவர். கேக்க நினைச்ச ஆக்களுக்கு எல்லாம் சொல்லியாச்சு, இனி நீங்கள் கரைச்சல்படத் தேவையில்லை.”

 நடுவில் இருந்த ஒருவர் யன்னலுக்கு வெளியே பார்த்தார்.  

“பின்னேரம் வைன் ஊத்தப்போறதும் நான்தான். என்ரை கையாலை வேண்டாமெண்டிற ஆக்கள் கிளாஸை மூடாதேங்கோ. வாயைத் திறந்து ஏனெண்டு சொல்லுங்கோ. நான் அதை அவவுக்கு டொச்சிலை சொல்லிவிடுறன்.”

பிறகு எல்லோரையும் பெல்ட் போடச் சொன்னேன். சாரதி பஸ்ஸை எடுத்தார்.